ஈரப்பஞ்சு இரண்டு

மழை ஓய்ந்து, தெருக்கற்கள் வெளுத்து, கொடியில் இட்ட ஆடைகள் இட்டவுடன் மொறுமொறுக்கும் வறள்காற்றுக் காலத்தின் இளங்காலை. வெயில் படிந்த மாடிவீடொன்றில் அக்காளும் தங்கையும் வாழ்ந்துவந்தனர். வாழ்ந்தனர் என்றேனே, பேசாது வாழ்ந்தனர் என்க. தந்தை விட்டுச்சென்ற பழைய யாழைத் தங்கை ஒருநாள் வெயிற்படும் சாளரத்தருகே மறந்து வைத்துவிட, "உனக்குப் பொறுப்புன்னா என்னன்னே தெரியாது" என்று அக்காள் கடிந்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

யாழ் என்பது, படிப்போரே, மரமேயாயினும் காற்றின் போக்கை அறிவது. வறண்டால் சுருங்கும், நனைந்தால் உப்பும். ஆதலின் வறள்காலத்தில் துளையிட்ட சிமிழொன்றில் ஈரப்பஞ்சை இட்டு அதன் பெட்டிக்குள் வைப்பது அவ்வீட்டு வழக்கம். தங்கையை நம்பாத அக்காள், அவள் கடைக்குச் செல்லும் நேரம் பார்த்துத் தானே அதை நாள்தோறும் நனைத்துவந்தாள்.

அன்று காலை அக்காள் யாழை எடுத்து நரம்பைத் தீண்டியபோது, இனிதாய் எழவேண்டிய ஒலி சளிபிடித்த தொண்டையாய்க் கரகரத்தது. மேற்பலகை உப்பி, விளிம்பில் மயிரிழைபோல் ஒரு பிளவு ஓடியிருந்தது. மரமே பிளந்திருந்தால் தந்தை மீட்டிய அவ்வொலி இனித் திரும்பாது என்பதை அவள் அறிவாள். இதுவும் தங்கையின் பொறுப்பின்மையே என்று சினம் பொங்கப் பெட்டியைத் துழாவினாள்; உள்மெத்தையின் அடியில் மற்றொரு சிமிழ், மற்றொரு பஞ்சு, சொட்டச் சொட்ட ஈரம். பொங்கிய சினம் போன இடம் தெரியவில்லை.

அடுக்களை வாயிலில் நின்று, தானே முதலில் வாய்திறந்தாள்.

"பெட்டியில பஞ்சு வச்சது நீயா?"

"ஆமாக்கா. உனக்கிருக்கிற அலைச்சல்ல நீ மறந்துடுவன்னு நெனச்சேன்" என்றாள் தங்கை, கரண்டியைக் கீழே வையாமலே.

"நீ எங்க செய்யப்போறன்னு நானும்தான் தினம் நனைச்சேன்."

தங்கை சற்றே விழித்தாள். "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து அதுக்கு நல்லாத் தண்ணி காட்டியிருக்கோம்."

சிரிப்பதா அழுவதா என்றறியாது இருவரும் யாழைச் சாளரத்தின் ஒளிக்கு ஏந்தினர். தங்கை தாங்கிப்பிடிக்க, அக்காள் விளிம்பெங்கும் விரலால் மெல்லத் தட்டிக் கேட்டாள்.

"மரத்துக்கு ஒண்ணும் ஆகல. பசைதான் விட்டிருக்கு" என்றாள் அக்காள்.

"மொதல்ல காயட்டும். அப்புறம் நான் பசை காய்ச்சறேன், நீ ஒட்டு" என்றாள் தங்கை.

அதன்பின் பெட்டியில் சிமிழ் ஒன்றே. காலைதோறும் ஒருத்தி, "நனைச்சாச்சா?" என்பாள், மற்றவள், "ஆச்சு" என்பாள். சொல்லாது செய்யும் அன்பும் அளவு தவறும் போலும். நெடுங்காலம் சென்று, அவ்வீட்டில் மூத்தவள் ஒருத்தியே எஞ்சியபின்னும், பஞ்சைப் பிழிந்த ஈரக்கையோடு, அவ்வொரு கேள்விக்காக அவள் சற்றே நின்றுவிட்டுத்தான் பெட்டியை மூடுவாள்.