மூன்றாம் வகுப்பின் ஒலிக்கணக்கு

கதிரவன் உச்சியினின்று சரிந்து, உயர்ந்த மாடங்களின் நிழல் தெருவின் பாதியை விழுங்கியிருந்த பிற்பகல் வேளை. கடைகள் கதவை ஒருக்களித்துவிட்டு அயர்ந்திருக்க, ஊர்திகளின் ஆரவாரம் தணிந்து அடங்கியிருக்க, நாற்சந்தியை ஒட்டிய தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பு மட்டும் சந்தைக்கடையாய் இரைந்துகொண்டிருந்தது. சுவரெங்கும் தாள்கள், தாள்களெங்கும் வண்ணக் கட்டங்கள். பசை ஒட்டிய விரல்களை ஆடையில் துடைத்தபடி, முப்பத்திரண்டு குழந்தைகளும் தத்தம் தாளைத் தாமே புகழ்ந்துகொண்டிருந்தனர். அன்று மாலை ஐந்து மணிக்குப் பெற்றோர் அவற்றைப் பார்வையிட வருவதாக இருந்தது.

கற்றறிந்த பெரியீர், அவ்வகுப்பின் ஆசிரியையைச் சற்றே அறிந்துகொள்ளுங்கள். கணக்கு, மொழி, அறிவியல், ஓவியம் என்னும் நான்கையும், பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளைப் போல் ஒன்றோடொன்று பேசாமல் வைத்திருப்பது அவளுக்கு அறவே பிடிக்காது. விடுமுறை முழுதும் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் புனைந்த பாடம் இது: மாலை ஆறு முதல் ஏழு வரை வீட்டில் ஓரிடத்தில் அமர்ந்து, செவியில் விழும் ஒலிகளைக் கோடிட்டு எண்ணி, எண்ணியவற்றைக் கட்டங்களாய் அடுக்கி, கட்டங்களுக்கு வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றையும் சொல்லால் எழுதிவரவேண்டும். தலைமையாசிரியரே மெச்சிவிட்டார்; அவளுக்கோ கால் தரையில் பாவவில்லை. "கேட்டத அப்படியே எழுதணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது" என்று முதல்நாள் மும்முறை சொல்லி அனுப்பியிருந்தாள்.

உருவத்தில் சிறியவளாதலின் பட்டாணி என்று அழைக்கப்பெற்ற சிறுமி, கடைசி வரிசையிலிருந்து ஓடிவந்து தன் தாளை நீட்டினாள். "டீச்சர், எல்லாரோடதையும் விட என்னோடதுதான் உயரம்!"

வண்டி இரண்டு. குழாய் ஒன்று. கதவு படார் என்றது நான்கு. தட்டு விழுந்தது மூன்று. அப்பா கத்தினது ஏழு. அனைத்தையும் கடந்து, தாளின் மேல்விளிம்பை முட்டி நின்றது ஒரு மஞ்சள் தூண். அதன் அடியில், "அம்மா ஒண்ணுமில்லன்னு சொன்னது பதினொண்ணு" என்று குண்டு குண்டாய் எழுதியிருந்தது.

ஆசிரியை அந்த மஞ்சள் தூணின்மேல் விரலை வைத்தாள். "அம்மா ஏன் கண்ணு அப்படிச் சொன்னாங்க?"

"நான்தான் என்னம்மா என்னம்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன் டீச்சர்."

ஆசிரியை தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் ஓடினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மீண்டும் மாட்டி, நெடுநேரம் பார்த்தார். "அந்தம்மா வாயத் திறக்காம நாம என்னம்மா பண்ண முடியும்? எதுக்கும் அவங்களக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்க" என்றார்.

நான்கு மணிக்கு மூச்சிரைக்க வந்த தாய், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிந்திருந்தாள். தாளைக் கண்டதும் முகம் வெளுத்தது. "டீச்சர், இத மாட்டிடாதீங்க. அவரு பாத்தா இவள ஸ்கூல விட்டே நிறுத்திடுவாரு. இவ சிரிக்கிறதே இங்க வந்தாத்தான்."

"நான் யார்கிட்டயாவது சொல்லட்டுமா? உதவி பண்றவங்க இருக்காங்கம்மா."

"சொல்லிட்டு நீங்க உங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. நாங்க எந்த வீட்டுக்குப் போறது?"

நான்கு பாடங்களை ஒரு நூலில் கோக்கத் தெரிந்தவளுக்கு, இரண்டு உயிர்களை ஓரிடத்தில் ஒளித்துவைக்க வழி தெரியவில்லை. அவள் வெறுந்தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தாய் குழந்தையின் சிறு இருக்கையில் உடலைக் குறுக்கி அமர்ந்து சொல்லச்சொல்ல, பட்டாணி வரைந்தாள்.

"குருவி பதினொண்ணு போடு."

"குருவி வரவே இல்லையேம்மா."

"வந்துச்சு. நீ கவனிக்கல."

வரைந்து முடித்த தாளைச் சிறுமி இரு கைகளாலும் ஏந்திவந்து ஆசிரியையின் முன் நின்றாள். "கேட்டத மட்டும்தான் எழுதணும்னு சொன்னீங்களே டீச்சர். இது சரியா?"

தாய், கதவருகே நின்று ஆசிரியையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியையோ யாரையும் பார்க்கவில்லை. "சரிதான் கண்ணு" என்றாள். சொல்லும்போதே தன் குரல் அவளுக்கே அருவருத்தது.

ஐந்து மணிக்குத் தந்தை வந்தார். வாரிய தலையும் மலர்ந்த முகமுமாய், யாவர்க்கும் வணக்கம் சொல்லும் இனிய மனிதர். சுவரில் மாட்டியிருந்த மகளின் புதுத் தாளின்முன் நின்று வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம வீட்டச் சுத்தி இத்தனை குருவியா! நல்லாச் சொல்லித் தர்றீங்க டீச்சர்" என்று மகளின் தலையை வருடினார்.

பட்டாணி நிமிர்ந்து ஆசிரியையை நோக்கினாள். அப்பார்வையில் சினமில்லை, வினாவுமில்லை. தாயைப் போலவே ஆசிரியையும் உண்மையைச் சொல்லமாட்டாள் என்று கண்டுகொண்ட அமைதி மட்டுமே இருந்தது. பெரியீர், எட்டு வயதில் ஒரு குழந்தை கற்கக்கூடாத பாடம் அது. அதனை அன்று கற்பித்தவளும், சிவப்பு மையால் அதற்கு முழு மதிப்பெண் இட்டவளும் அந்த நல்லாசிரியையே.