கௌரவ உறுப்பினர்

ஓய்வு பெற்றவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துவிட்டு வந்தால், திரும்பிப் போவதற்குள் அதை ஓர் அலுவலகமாக்கி வைத்திருப்பார்கள். எங்கள் மூத்தோர் கற்றல் வட்டத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நூலகத்தின் மேல்மாடியில் ஒரு நீள அறை. இரண்டு மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றும். புதன்கிழமைதோறும் அங்கே மூச்சுப் பயிற்சி, நினைவாற்றல் பயிற்சி, அயல்மொழி வகுப்பு, நடுவில் தேநீர். இந்த மகத்தான காரியங்களை நடத்த ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு துணைச் செயலாளர், ஒரு பொருளாளர், இவர்கள் போதாதென்று ஒரு செயற்குழு. பதவி கிடைக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அங்கே எவருக்கும் பெயர் கிடையாது. கடைசியாக உட்கார்ந்த நாற்காலிதான் பெயர். தலைவர் வங்கியில் இருந்தவர், ஆகவே மேனேஜர் சார். செயலாளர் குடிநீர்க் குழாய் பதிக்கும் இலாகாவில் இருந்தவர், இன்ஜினியர் சார். மொழி கற்றுக்கொடுப்பவர் புரொபசர். எப்போதோ எழுந்துவந்த நாற்காலியை இன்னமும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், அறைக்குள் நுழைந்ததும் ஜம்பம் வந்துவிடும். நான் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவள் என்பதால் டைப்பிஸ்ட் அம்மா. கூட்டத்தில் பேசுவதை எழுதும் வேலையையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

இத்தனை எரிச்சலோடு ஏன் போகிறாய் என்று கேட்கலாம். அக்காவுக்காகத்தான் போனேன்.

அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். அத்தான் போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். கொஞ்ச காலமாக அவளுடைய ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. சாப்பிட்டது மறக்கும், என் மகன் பெயர் மறக்கும், அத்தான் இல்லை என்பதே சில நாள் மறந்துவிடும். புதன்கிழமை மட்டும் மறக்காது. எப்படி என்று டாக்டருக்கே புரியவில்லை. மற்ற நாட்களில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள், புதன் காலையில் தானே தலைவாரிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் வாசலில் நிற்பாள். "கிளம்புடி, நேரமாச்சு" என்று அவள் அதட்டுகிறபோதுதான் என் பழைய அக்கா கிடைப்பாள். அந்த ஒரு நாளையும் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

வம்பு மொழி வகுப்பில்தான் ஆரம்பித்தது. புரொபசர் கற்றுக்கொடுக்கிற அந்த மொழியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மேசை பெண்பால். அக்கா தான் சேர்ந்த முதல் வகுப்பிலேயே கையைத் தூக்கி, மேசை எப்படி சார் பொம்பளையாகும் என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல கேள்வி என்று புரொபசரும் மெச்சிக்கொண்டார். அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும். வாரம் தவறாமல் அதே கேள்வியை, அப்போதுதான் மனதில் உதித்த மாதிரி, அதே ஆச்சரியத்தோடு கேட்டாள். புரொபசருக்கு முகம் கடுகடுத்தது. பாடம் ஓடவே மாட்டேன் என்கிறது என்றார். என்ன பெரிய பாடம்? இரண்டு வருடமாகப் படித்தும் இந்தக் கும்பலில் ஒருவருக்கும் "என் பேனா மேசைமேல் இருக்கிறது" என்பதைத் தாண்டி வாய் வரவில்லை. கடல் கடந்து போய் யாரிடம் பேனாவைப் பற்றிப் புகார் சொல்லப் போகிறார்களோ.

செயற்குழு கூடியது. நான் ஒரு மூலையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அவளுடைய தங்கை அங்கேயே இருக்கிறாள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எழுதுகிறவளுக்குக் காது கிடையாது என்று பெரிய மனிதர்கள் நினைப்பார்கள், நீதிமன்றத்திலும் அப்படித்தான்.

அக்காவை விலக்க வேண்டும் என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. விதிதான் வேண்டுமாம். எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாமா என்றார் இன்ஜினியர். மேனேஜர் சார் இருமினார். அவர் வயதை அவர் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. சரி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம் என்று புரொபசர் சொன்னார். காது மந்தமான பொருளாளர், என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்க என்று மறுபடி மறுபடி கேட்டதில் அதுவும் அடிபட்டுப் போயிற்று. எந்தக் கத்தியைத் தீட்டினாலும் அது அவர்கள் கழுத்துப் பக்கமே திரும்பியது. கடைசியில் மேனேஜர் சாருக்கு ஒரு வார்த்தை அகப்பட்டது. கௌரவ உறுப்பினர்.

"கௌரவ உறுப்பினர் ஆக்கிடுவோம். ஒரு கேடயம் கொடுப்போம். அப்புறம் அவங்க வரணும்னு அவசியம் இல்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். வேலை பார்த்த காலத்தில் ஆளைத் தூக்கி மூலையில் போடுவதற்கு இவர்கள் பழகிய வழியே இதுதான், பெரிய பெயராகப் பார்த்துச் சூட்டிவிடுவார்கள். பெயர் கிடைத்தவன் ஜாடையைப் புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவான். ஆனால் ஜாடை புரியாத ஒருத்தியை வெளியேற்றத்தான் கூடியிருக்கிறோம் என்பது அந்த அறையில் ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. நான் எதிர்த்துப் பேசினேன். அது உங்க குடும்ப உணர்ச்சி என்று பூசி மெழுகிவிட்டு, தேநீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்கள்.

ஆண்டு விழாவில் அக்காவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேனேஜர் சார் அவளை வானளாவப் புகழ்ந்தார். அக்கா அதை நம்பினாள். வீட்டில் கேடயத்தைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டாள். எதற்குக் கொடுத்தார்கள் என்று அடிக்கடி கேட்பாள். நீ நல்லாப் படிக்கிறதுக்கு என்று சொல்லிவைத்தேன். வேறென்ன சொல்ல?

புதன்கிழமை வந்தது. கேடயத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அழைத்துப் போனேன். சொல்லத் தைரியமில்லாமல் கேடயத்தை நீட்டினவர்கள் வாயைத் திறந்தே சொல்லட்டும் என்ற ஆங்காரம் எனக்கு.

அக்கா அறைக்குள் நுழைந்து தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் மேனேஜர் சார் எழுந்து வந்து, கடனை மறுக்கிற அந்தப் பழைய குரலில், "அம்மா, நீங்க இனிமே வர வேண்டாம்மா. உங்களால வகுப்பு கெடுது" என்றார்.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேருந்திலும் அழுதாள். எங்கள் நிறுத்தத்துக்கு முன்பே எதற்காக அழுகிறோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டது, அழுகை மட்டும் நிற்கவில்லை.

"யாரோ என்னமோ சொல்லிட்டாங்கடி. என்னன்னு தெரியல. உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அன்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. காரணம் போய்விடும், வலி போகாது என்பதை அதுவரை நான் யோசிக்கவே இல்லை. அடுத்த புதன் அழைத்துப் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் அடுத்த புதன் காலையில் தலைவாரிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். வகுப்பு இல்லை என்று பொய் சொல்லிப் பார்த்தேன். பையைத் தோளிலிருந்து இறக்காமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை. கிளம்பு என்றேன்.

இந்தத் தடவை சொல்லும் பொறுப்பு செயலாளருக்கு. இன்ஜினியர் சார் கூரையைப் பார்த்துக்கொண்டு, புது உறுப்பினர்களுக்கு இடம் போதவில்லை என்று என்னவோ உளறினார். அக்கா அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். முதல் தடவை விழுந்த அதே அடி, அதே மாதிரி விழுந்தது. அவர்களும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். பொருளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

மேனேஜர் சார் என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நெற்றியெல்லாம் வேர்வை.

"நீங்க வீட்லயே பக்குவமா சொல்லிடக்கூடாதா? பாவம், அவங்களை ஏன் இப்படி வதைக்கிறீங்க?"

"நான் சொல்ல மாட்டேன் சார். புதன்கிழமை ஆனா கூட்டிட்டு வருவேன். வேண்டாம்னா நீங்கதான் சொல்லணும். ஒவ்வொரு வாரமும் புதுசா சொல்லணும்."

அவர் கைக்குட்டையை எடுத்து வேர்வையைத் துடைத்தார். ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது என்று இருந்தே பழகிய ஆள். ஒரு மனுஷியின் முகத்தில் எத்தனை தடவை அடிப்பது என்று அவருக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றுக்கொடுத்ததில்லை.

அந்த வாரம் முழுக்க இன்னொரு தடவை அக்கா அழுதால் தோற்றது நான்தான், இனி அந்தப் படி ஏறுவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது புதன். நாங்கள் நுழைந்ததும் அறை அடங்கியது. அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை, ஆனால் கால் தயங்கியது. செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்து மாட்டினார். புரொபசர் திரும்பி, ஏற்கெனவே அழித்திருந்த கரும்பலகையை மறுபடி அழித்தார். துணைச் செயலாளருக்கு அவசரமாக இருமல் வந்தது. இத்தனை பதவிகளில் ஒரு பதவிக்காவது அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் துணிச்சல் இல்லை. தூ, என்ன ஜென்மங்கள் என்றும் இருந்தது, கடவுளே, யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு தலைவர் பக்கத்தில் போய், அவர் தோளை மெதுவாகத் தொட்டாள்.

"ஏன் எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க? உங்களையும் யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

மேனேஜர் சார் நிமிரவே இல்லை. குனிந்தபடியே, பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தார். அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.