அப்பாவுக்கு வைத்த அளவு

கோட்டாற்றிலிருந்து சவப்பெட்டி வருவதற்குள் அணைத்துவிட வேண்டும். அஜிஷா ரிமோட்டை அப்பாவின் கழுத்தெலும்புக்குக் கீழே, சட்டையின் மேல் வைத்தாள். அங்கே தோலுக்கடியில் பேட்டரி மேடாகத் தெரிந்தது.

"ஏட்டி, செத்த ஒடம்புல என்ன செய்யுத?" வாசலில் நின்ற நேசபாய் அத்தை கேட்டாள். அப்பாவின் தங்கை.

"உள்ள கரண்டு ஓடிட்டு இருக்கு அத்த."

கைநடுக்கத்துக்காக அப்பாவின் மூளைக்குள் கம்பி வைத்து, நெஞ்சிலிருந்த பேட்டரியோடு இணைத்திருந்தார்கள். நடுக்கம் நின்றது. அதன்பிறகு ஒருநாள் டாக்டர் சொன்ன எல்லைக்குள்ளேயே அஜிஷா ரிமோட்டில் கரண்டை இரண்டு படி கூட்டிப் பார்த்தாள். நடுக்கத்துக்கு அது தேவையில்லை. ஆனால் அப்பா பேசத் தொடங்கினார். இரணியல் ரயில்வே கேட்டில் வேலை பார்த்த காலத்திலிருந்தே வீட்டில் வாய் திறக்காத ஜான்ரோஸ், மீன்காரியிடம், "ஒனக்க சாளையவிட நீதான் மெலிஞ்சிட்ட" என்று வம்பிழுத்தார். அஜிஷாவிடம், "மக்ளே, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவள் பிறந்ததிலிருந்து கேட்காத கேள்வி. வீட்டில் அவர்கள் இருவர்தான். அவள் குறைக்கவில்லை.

நேற்றுக் காலை, நெஞ்சுச் சளியின் இழுப்புக்கு நடுவே அவரே சொன்னார்.

"கொறச்சிரு மக்ளே. சிரிக்கது நானில்ல. வேற எவனோ எனக்க வாய வச்சிச் சிரிக்கான்."

"நல்லாத்தானப்பா இருக்கிய?"

"ஒனக்கு நல்லாருக்கு."

அவள் இரண்டு படியையும் குறைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பகல் முழுதும் பேச்சில்லை. கூட்டும் பொத்தானில் விரலை வைப்பாள், எடுப்பாள். அவர் கேட்டதைச் செய்தோமா, அவரைத் தண்டித்தோமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரவு கஞ்சி கொடுத்தபோது கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். விடியும்போது மூச்சில்லை.

"கடைசியா என்னெங்கிலும் சொன்னாவளா மக்கா?" அத்தை அழுதுகொண்டே கேட்டாள்.

அஜிஷா அத்தையைப் பார்க்காமல் சொன்னாள். "சாப்பிட்டியாண்ணு கேட்டாவ."

நேசபாய் அழுகையை நிறுத்தினாள். "எங்க அண்ணனா? அண்ணன் அப்பிடி கேக்கப்பட்ட ஆளில்லியே."

அஜிஷா பொத்தானை அழுத்தினாள். ரிமோட்டில் பச்சை விளக்கு அணைந்தது. அப்பாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது. அத்தை வாசலைவிட்டு இறங்கிப் போனாள். கட்டிலோர ஸ்டூலில், இரவு அவர் தள்ளிய கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது. கரண்டியின் பிடி அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது.