அலகு கழற்றிய பிறகு

தைப்பூசத்துக்காக விரதம் இருந்த நாற்பத்தெட்டு நாளில் கார்த்திகேசு கோழியை விட்டார், பீரை விட்டார், மெத்தையை விட்டுத் தரையில் படுத்தார். விடாதது கோபம் ஒன்றுதான். அந்தப் பாழாய்ப்போன கோபத்தால்தான் இந்த நேர்த்திக்கடனே. பந்திங் சாலையில் ஒரு பையனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போன மகள் அனுப்பிரியாவை, வீட்டு வாசலில் அக்கம்பக்கம் பார்க்க அறைந்துவிட்டார். அவள் அன்றே ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வரவேண்டும் என்றுதான் பால்குடம்.

"இன்னிக்கு அனு கோயிலுக்கு வரா," என்று காலையிலேயே மனைவி தனலெட்சுமி எச்சரித்தாள். "ஏதாச்சும் பேசி வெச்சீங்கன்னா இனி வரவே மாட்டா. சொல்லிட்டேன்."

கிள்ளான் நகரத்து வெயில் தார்ச் சாலையை வறுத்துக்கொண்டிருந்தது. கார்த்திகேசுவின் நாக்கில் சின்ன வெள்ளி அலகு குத்தியிருந்தது. இரண்டு கைகளும் தலைமேல் இருந்த குடத்தைப் பிடித்திருந்தன. வெறுங்கால் பொசுங்கியது. அப்போது யாரோ குனிந்து அவர் பாதத்துக்கு முன்னால் வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். யாரோ புண்ணியவான் என்று பார்த்தால், அதே மோட்டார்ப் பையன், செல்வகுமார். பக்கத்தில் அனுப்பிரியா.

ரத்தம் தலைக்கேறியது. குடம் ஆடி, பால் நெற்றியில் வழிந்தது. குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவன் சட்டையைப் பிடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. பல்லைக் கடிக்கவும் வழியில்லை. கோயில்வரை மனசுக்குள் ஒரு வசவைத் தீட்டிக்கொண்டே நடந்தார். பையனோ விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தான்.

பால் அபிஷேகத்துக்குப் போனது. பூசாரி அலகை உருவி, நாக்கில் திருநீறு வைத்தார். இப்போது வாயையும் கையையும் கட்டிப்போட எதுவும் இல்லை. வசவு நுனி நாக்கில் நின்றது. நெற்றியில் வழிந்த பாலைத் துடைக்கக் கையைத் தூக்கினார்.

அனுப்பிரியா சட்டென்று பையனுக்கு முன்னால் வந்து நின்று, தன் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

அறையத்தான் கை ஓங்குகிறார் என்று அவள் நினைத்துவிட்டது கார்த்திகேசுவுக்குப் புரிந்தது. கோபம் ஒன்றும் போய்விடவில்லை, அப்படியேதான் கொதித்தது. ஆனாலும் வசவைத் திருநீறோடு சேர்த்து விழுங்கினார். தூக்கிய கையை இறக்கி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

"தம்பி, நீயும் வெறுங்காலாவா வந்தே?" நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. "வீட்டுக்கு வா லா. ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

"வரோம்ப்பா," என்றாள் அனுப்பிரியா.

கார் நிறுத்திய இடம்வரை அவர் கோத்த கையைப் பிரிக்கவே இல்லை. அதையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தவள், பாதி வழியில்தான் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.