பல்செட்டும் சீவாளியும்

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாயனத்தை ஊதினேன். நாதம் வரவில்லை, பல் வந்தது. போன வாரம்தான் கட்டிய மேல்வரிசைப் பல்செட்டு, காற்றின் வேகத்தில் கழன்று உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

என் சொந்தப் பற்கள் வயசாகி விழுந்தவை அல்ல. கயத்தாறில் சாமி ஊர்வலத்துக்கு எதிரே வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அதே சுருதியில் நான் பதில் வாசித்தேன். அவனும் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் அவனுக்கு டயர் வெடித்தது, எனக்குப் பல் விழுந்தது. கொட்டைப்பாக்கைக் கடித்து விழுந்தது என்று என் வீட்டுக்காரி பாலம்மாள் சொல்வாள். அவள் அந்த ஊர்வலத்துக்கு வரவில்லை.

சீவாளி என்பது நாயனத்தின் வாயில் செருகுகிற இரண்டு மெல்லிய இதழ்கள். உதடு அதைக் கவ்வ வேண்டும், உதட்டுக்குப் பின்னால் பல் முட்டுக்கொடுக்க வேண்டும். கோவில்பட்டிச் சித்திரை வெயிலும் வீடியோ லைட்டும் சேர்ந்து, டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டதை அடுத்த நிமிஷமே காயவைத்துவிடும். முதல் சீவாளி விறைத்து நின்றது. ஊசியை விட்டு அதன் வாயைத் திறந்தேன், கீச்சிட்டது. அடுத்ததை விரலால் அமுக்கிப் பதப்படுத்தினேன், இருமியது.

தவிலோடு உட்கார்ந்திருந்த என் மைத்துனன் சங்கிலிப்பாண்டி குனிந்து சொன்னான்: "அத்தான், நாயனம் வாசிக்கியளா, டீ ஆத்துதியளா? வெறுங்காத்துல்லா வருது."

மண்டப மேனேஜர் பூவனலிங்கம் கையில் ஒரு நாயனக் கேசட்டோடு வந்தார்.

"அண்ணாச்சி, தாலி கட்டையில இப்படிக் கீச்சுன்னா இதப் போட்டுருவேன். ஒருக்கப் போட்டுப் பழகிட்டா அப்புறம் இந்த மண்டபத்துல எப்பவும் இதான், பாத்துக்கிடுங்க."

"அதுல தவிலும் சேந்தே இருக்கா?" என்றான் சங்கிலிப்பாண்டி.

"ஸ்டீரியோல்லா!"

சங்கிலிப்பாண்டி தவிலடிக்க விரலில் மாட்டிய கூடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டான். ராத்திரி பஸ்களில் என் தோளில் சாய்ந்தே பாதி வயதைத் தூங்கிக் கழித்தவன். எனக்கும் அப்போது யார் தோளிலாவது சாய்ந்தால் தேவலை என்றிருந்தது.

ஆடுகிற பல்லுக்கு வெறும் ஈறே மேல்; பல்செட்டைக் கழற்றுவதுதான் வழி. ஆனால் லைட் என் முகத்தில் நின்றது.

"எப்பா செண்பகராஜ், அத அங்கிட்டுத் திருப்பேன்."

"உங்களையும் எடுக்கச் சொல்லித்தான் பொண்ணோட அம்மா சொல்லியிருக்காவ, அண்ணாச்சி" என்றான் வீடியோக்காரன்.

இந்தக் கல்யாண வீடியோவைப் பேரன் பேத்திகள்வரை போட்டுப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். சீவாளிகள் ஊறிக்கொண்டிருந்த டம்ளருக்குள் பல்லைக் கழற்றிப் போட்டேன். கன்னம் இரண்டும் உள்ளே போயின. இளசு, பல்லின் அழுத்தத்துக்குத் தாங்காது என்று ஒதுக்கியிருந்த சீவாளி ஒன்றை எடுத்து, உதட்டை ஈறின்மேல் மடித்துக் கவ்வினேன். ஐயர் கையைத் தூக்கினார்.

"கெட்டிமேளம்!"

சத்தம் முதலில் ஒரு பக்கமாகச் சரிந்தது. பிறகு ஏறி நின்றது. நின்ற இடத்தில் சங்கிலிப்பாண்டியின் அடி வந்து விழுந்தது. பூவனலிங்கம் கேசட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முழுசாக உள்ளே தள்ளவில்லை.

பந்தியில் உட்கார்ந்தபோது ஈறு நெருப்பாக எரிந்தது. இலையில் அப்பளம் சும்மா கிடந்தது. பூவனலிங்கம் பின்னால் வந்து நின்றார்.

"சாயங்காலம் ரிசப்ஷனுக்கும் இருந்து வாசிச்சிட்டுப் போயிருங்க, அண்ணாச்சி."

தலையை ஆட்டினேன். சங்கிலிப்பாண்டி டம்ளரை என் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மாட்டிக்கிட்டுச் சாப்பிடுங்க அத்தான்" என்றான்.

எட்டிப் பார்த்தேன். மேடையில் முட்டுக்கொடுக்கத் தெரியாத பல்செட்டு, தண்ணீருக்கடியில் ஒரு சீவாளியின்மேல் கவிழ்ந்து, அதை அசையாமல் பக்குவமாகக் கவ்விக்கொண்டிருந்தது.