அசுவினியும் மாவுப்பூச்சியும் இரண்டு அண்ணன்களும்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு வேளாண் இதழ் என்னிடம் ஒப்பீட்டுக் கட்டுரை கேட்டது. எழுத உட்கார்ந்தால் இரண்டு தடியர்கள் குறுக்கே வந்து நின்றார்கள்.

முதல் தொடக்கம்: ‘அதிகாலைப் பனியில் அந்தக் கொய்யாத் தோப்பு மௌனமா—’ [வேண்டாம். குயில் ஒன்றுதான் பாக்கி.]

2

ஒப்பீட்டை முடித்துத் தொலைக்கிறேன். அசுவினி, மாவுப்பூச்சி இரண்டும் செடியின் சாறு உறிஞ்சும். இரண்டின் கழிவும் பாகுபோல இலையில் ஒட்டும், எறும்பு மொய்க்கும். அசுவினி தளிரில் அப்பிக்கொள்ளும். தண்ணீரை வேகமாகப் பீச்சினால் உதிரும். மாவுப்பூச்சி வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு இடுக்கில் கிடக்கும், தண்ணீருக்கு மசியாது. இரண்டுக்கும் தம்மைப் பற்றிய பெருமை கிடையாது. அந்த வகையில் அண்ணன்களைவிட மேல்.

3

தோப்பு அந்த இரண்டு தடியர்களின் தங்கையுடையது. இந்தக் காய்ப்பும் போனால் மரங்களை வெட்டிவிடுவது என்றிருந்தாள். கடைசி முயற்சியாக, மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுப் புழுக்களை வாங்கி வந்து கிளைகளில் விட்டாள்.

“நான் வர்ற வரைக்கும் மரத்துல கை வைக்காதீங்கண்ணே. ஏன்னா—”

“சரி சரி, நீ கிளம்பு,” என்றான் பெரியவன்.

வேலைக்கு நேரமாகியிருந்தது. கிளம்பிவிட்டாள். [அவளை முழுசாகப் பேசவிடும் அண்ணனை எழுதிப் பார்த்தேன். நம்பும்படி வரவில்லை, அடித்துவிட்டேன்.]

4

“அசுவினிடா. தண்ணிய அடிச்சா போயிடும்.”

“வெள்ளையா இருக்கே, கண்ணு தெரியலையா? மாவுப்பூச்சிண்ணே.”

“ஆமா, பெரிய விஞ்ஞானி.”

வாழ்க்கையில் முதல்முறையாகச் சின்னவன் சொன்னது சரி. அதுதான் வினையாகப் போயிற்று. தலைகால் புரியாமல் ஸ்பிரேயரில் பூச்சிமருந்தை ஊற்றிக்கொண்டு கிளம்பினான். பொறிவண்டின் புழுவுக்கும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு, பார்க்க மாவுப்பூச்சியேதான். கொஞ்சம் பெரிது, வேகமாக ஊரும், அவ்வளவுதான்.

“பாத்தியாண்ணே, பெருசு பெருசா ஓடுறதையெல்லாம் தேடித் தேடி அடிச்சிருக்கேன்.”

பெரியவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். இந்த ஒற்றுமையைப் பார்க்க அவர்கள் அம்மா கொடுத்துவைக்கவில்லை.

5

முடிவு ஒன்று: தங்கை மன்னிக்கிறாள். [த்தூ.]

முடிவு இரண்டு: அண்ணன்கள் திருந்தி— [அசுவினி திருந்தினாலும் திருந்தும்.]

இப்போதைய நிலவரம் இது. கடைசி வரிசை மரங்களில் புழுக்கள் மிச்சம் இருக்கின்றன. ஸ்பிரேயரில் மருந்தும் மிச்சம் இருக்கிறது. தங்கை இன்னும் வந்து சேரவில்லை. சின்னவன் அந்த வரிசைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

என்னைப் பார்க்காதீர்கள். ஒப்பீடுதான் என் வேலை, அது முடிந்துவிட்டது. அவை என்ன புழுக்கள் என்று உங்களுக்குத் தெரியும். போய்ச் சொல்லுங்கள்.

நீங்கள் வாயெடுப்பதற்குள் பெரியவன், “சரி சரி, நீங்க கிளம்புங்க” என்பான்.

கிளம்பிவிடுவீர்களா?