பொருக்கு உதிராத தகடு

பன்னிரண்டே நாளில் தட்டுகள் விரிசல் விட்டுத் திரும்பி வந்தன. ஒரு கம்பெனி தன் கியர்களை அடுக்கி ஆயிரம் டிகிரி உலைக்குள் அனுப்ப, வேல்முருகனின் ஏனாத்தூர் பட்டறையில் செய்து வாங்கிய தட்டுகள். பற்றவைத்தவள் நதியா. மாகறலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அந்தப் பட்டறையில் வெல்டிங் செய்யும் ஒரே பெண்.

"வெல்டிங் சரியில்லன்னு சொல்றாங்கமா. ஆர்டரை வேற ஆளுக்குத் தரப் போறாங்களாம்," என்ற வேல்முருகன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நதியா ஒரு தட்டை வெயிலில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பற்றவைத்த இடம் முழுசாக இருந்தது. தகடுதான் வளைந்து, வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"அண்ணா, இது நம்ம எப்பவும் வாங்குற தகடு இல்ல. அதுல குரோமியமும் நிக்கலும் ஜாஸ்தி. சூட்டுல மேல ஒரு படலம் கட்டிக்கினு உள்ள இருக்குறதைக் காப்பாத்தும். இது பாத்திரம் பண்ற ஸ்டீல் மாதிரி இருக்குது."

"பில்லுல சரியாத்தானே போட்டிருக்குது?"

"பில்லை உலையில வைக்க முடியாதுண்ணா."

புதிய தகட்டில் ஒரு துண்டும், போன வருடம் மிஞ்சிய தகட்டில் ஒரு துண்டும் தனித்தனியாகப் பற்றவைத்து எடுத்துக்கொண்டு மறுநாள் இருவரும் கம்பெனிக்கே போனார்கள். உலைப் பொறியாளர் மாணிக்கவாசகம் முதலில் நேரமில்லை என்றார்.

"ரெண்டும் என் கைதான் சார், ஒரே வெல்டிங் ராடு. உங்க உலையிலயே வச்சுப் பாருங்க. ரெண்டும் போச்சுன்னா தப்பு என்னுதுதான்."

மூன்று முறை சூடேற்றி, மூன்று முறை ஆறவைத்தார்கள். மாலை நான்கு மணிக்கு மாணிக்கவாசகம் இடுக்கியால் புதிய தகட்டுத் துண்டைத் தட்டினார். கரிய செதில்கள் தரையில் கொட்டின. பழைய தகட்டுத் துண்டை ஓங்கித் தட்டினார். ஒன்றும் உதிரவில்லை. நிறம் மட்டும் மங்கியிருந்தது.

கம்பெனி லேபில் சோதித்தார்கள். உதிர்ந்த துண்டில் குரோமியம் பதினெட்டு சதவீதம். இருக்க வேண்டியது இருபத்தைந்து.

"வெல்டிங்ல ஒரு குறையும் இல்லமா," என்றார் மாணிக்கவாசகம், எல்லோர் முன்னாலும்.

தகட்டு வியாபாரி சரக்கு மாறிப்போனதை ஒப்புக்கொண்டு திருப்பி எடுத்துக்கொண்டார். நதியா மறுபடி செய்த நாற்பது தட்டுகளில் ஆறு மாதமாகியும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அடுத்த ஆர்டர் இருநூறு தட்டுகளுக்கு வந்தது. தாளின் கடைசியில் மாணிக்கவாசகம் கையால் எழுதியிருந்தார்: 'தகட்டை நதியா பார்த்துச் சரி என்ற பிறகே வேலை தொடங்க வேண்டும்.'

டீ நேரத்தில் வேல்முருகன் அந்த வரியைப் பட்டறை முழுக்கக் கேட்கும்படி படித்தார். நதியா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.